சீதன வீட்டுக் குசினி

எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டி வைத்துவிட்டுத்தான் கலியாணம் பேசுவார்கள். மாப்பிள்ளை தன் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். மூத்தவளான எனக்குப் பழைய வீடு கிடைத்தது. நானும் என் கணவரும் முன் அறையில் இருந்தோம். உம்மாவும் வாப்பாவும் தங்கச்சியும் பின் அறைகளில் இருந்தார்கள். தங்கச்சிக்கென்று வீட்டைச் சுற்றிய அதே வளவில், நடுவே ஒரு கிடுகு வேலியை வைத்து, வாப்பா புது வீடு கட்டினார். எழுபத்தேழாம் ஆண்டு முடிவதற்குள் சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. மாப்பிள்ளைதான் அமையவில்லை. பேசி வந்த இரண்டு இடமும் தட்டிப்போயின. வீட்டைப் பூட்டி வைத்தால் கறையான்தான் குடியேறும் என்று உம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில் எங்கள் தெருவில் இருந்த ஜீப் சாரதி ஒருவர் ஒரு செய்தியோடு வந்தார். அம்பாறைப் பக்கம் நெல் விதை ஆராய்ச்சிக்காக வந்திருக்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு அவர்தான் ஜீப் ஓட்டினார். அந்த மனிதரும் மனைவியும் பிலிப்பைன்ஸ்காரர்கள். அரசாங்கம் அவர்களுக்குக் காட்டோரமாக நல்ல வீடு ஒன்று கொடுத்திருந்தது. ஆனால் மனைவி கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர், கடல் இல்லாத இடத்தில் அவருக்கு மூச்சு முட்டுகிறதாம். கடலோரத்தில் இருக்கும் எங்கள் சாய்ந்தமருதில் வீடு கிடைத்தால் கணவர் தினமும் ஜீப்பில் அம்பாறைக்குப் போய்வரத் தயார்.

வாப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு சாரதி மூலமாகவே இரண்டு நிபந்தனை சொல்லி அனுப்பினார். வீட்டுக்குள் பன்றி இறைச்சி வரக்கூடாது, மது வரக்கூடாது. மறுநாளே பதில் வந்தது. இரண்டும் வராது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமைந்தால் உடனே வீட்டைக் காலி செய்து தருவோம், கடல் எவ்வளவு தூரம்?

எழுபத்தெட்டாம் ஆண்டு தொடக்கத்தில் அவர்கள் வந்து இறங்கினார்கள். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குட்டையாக, கெட்டியாக, எப்போதும் சிரித்தபடி இருப்பார். மனைவி அவரைவிடச் சற்று உயரம், அதிகம் பேசாதவர். பிள்ளைகள் இல்லை. ஊர் அவரைத் தொரை என்றது, மனைவியை நோனா என்றது. எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. நான் அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதனால் மொழிபெயர்ப்பு வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

சாமான்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது நோனா வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்பக்கம் வந்ததும் உம்மா கையை நீட்டி, இது குசினி என்றார். நோனா நின்றுவிட்டார். "குசினா?" என்று கேட்டார். உம்மா, குசினி என்று திருத்தினார். அவர்கள் மொழியிலும் சமையலறைக்குக் குசினா என்றுதான் பெயராம். அவர் மேசையைக் காட்டி மேசா என்றார். காலிலிருந்ததைக் காட்டிச் சப்பாத்தோஸ் என்றார். நாங்கள் சப்பாத்து என்றோம். தோளில் கிடந்த துவாயைப் பிடித்து என்னவோ துவாய் மாதிரியே சொன்னார். உம்மாவுக்கு ஒரே சந்தேகம். இவர்கள் எங்கேயோ நம்முடைய ஆட்கள்தான், இடையில் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள் என்று இரவுச் சோற்றின்போது வாப்பாவிடம் சொன்னார். போர்த்துக்கேயரும் ஸ்பானியரும் இரண்டு பக்கமும் விட்டுப்போன சொற்கள் அவை என்பதை நான் பிறகுதான் படித்தறிந்தேன். உம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு முதல் நாள் சோறு கொடுக்காமல் இருக்க முடியாது. உம்மா, நாங்கள் ஆணம் என்கிற குழம்பைச் சூரைமீனிலும், முருங்கையிலைச் சுண்டலும், மாசிச் சம்பலும் ஆக்கி அனுப்பினார். கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். இருவரும் கையைக் கழுவிவிட்டு, கரண்டியைத் தேடாமல், கையாலேயே சாப்பிட உட்கார்ந்தது எனக்குப் பிடித்தது. இரண்டாவது வாயில் தொரையின் காது சிவந்தது. நோனாவின் கண்ணிலிருந்து நீர் வடிந்தது. இருவரும் நிறுத்தவில்லை. செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, கோப்பையில் மீதி இருந்ததையும் வழித்துச் சாப்பிட்டார்கள். மிகவும் ருசி, ஆனால் நாளைக்கு எங்களுக்கு வேலை இருக்கிறது, உயிரோடு இருக்க வேண்டும் என்று தொரை சொன்னார். உம்மாவிடம் வந்து சொன்னபோது, உறைப்பைப் பாதியாகக் குறைத்துத்தானே ஆக்கினேன் என்று வருந்தினார்.

மறுநாள் அந்தக் கோப்பை திரும்பி வந்தது. வெறுமையாக வரவில்லை. உள்ளே கோழிக்கறி மாதிரி ஒன்று, கறுப்பாக, பூண்டும் வினாகிரியும் மணக்க இருந்தது. உம்மா இரண்டு கையாலும் வாங்கி, சிரித்து, நல்லம் நல்லம் என்று சொல்லி நோனாவை அனுப்பிவைத்தார். பிறகு கோப்பையை அடுப்படியில் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கோழி எங்கே அறுத்ததோ, சட்டியில் முன்பு என்ன ஆக்கினார்களோ, அந்தக் கறுப்பு நிறம் எதனால் வந்ததோ, அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அது எங்கள் மஞ்சள் பூனைக்குப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து நோனா வந்து, எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டார். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா தலையை ஆட்டி, நல்லா இருந்தது என்று சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். அதுதான் நாங்கள் செய்த பெரிய பிழை. நோனாவுக்கு அத்தனை சந்தோசம். மறுநாள் நூடுல்ஸ் மாதிரி ஒன்று வந்தது. அதற்கடுத்த நாள் முட்டைக்குள் இறைச்சி வைத்துச் சுருட்டிய ஒன்று வந்தது. வாரத்தில் மூன்று தரமாவது கோப்பை வந்துகொண்டே இருந்தது. பூனைக்கு வயிறு தரையில் முட்டத் தொடங்கிற்று. இது சரியில்லை என்று தங்கச்சி இரண்டு தரம் உம்மாவிடம் சொன்னாள். எனக்கும் மனம் உறுத்தியது. ஆனால் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொரு தரமும் நல்லம் என்றே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வாப்பா குளித்துக்கொண்டிருந்தார், நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். நோனா வேலியிலிருந்த சின்ன வாசலான கடப்பால் நுழைந்து பின்பக்கமாக வந்திருக்கிறார். கிணற்றடியில் பூனை முந்திய நாள் அவர் அனுப்பிய மீன் உருண்டைகளைத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் உம்மா. நான் வெளியே வந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். நோனா வந்த வழியே திரும்பிப் போனார். போகும்போது கடப்பை மூடிக் கொழுக்கி போட்டுவிட்டுப் போனார். அதற்கு முன்பு அவர் ஒரு நாளும் அதை மூடியதில்லை.

அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பின்னேரம் நான் மட்டும் போனேன். நோனா கதவைத் திறந்து என்னை உட்காரச் சொன்னார். பன்றி காரணமா என்று நேரடியாகக் கேட்டார். நான் ஓம் என்றேன். அவர் எழுந்து குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். சட்டி, பானை, கத்தி, பலகை எல்லாம் கல்முனைச் சந்தையில் புதிதாக வாங்கியவை. பழையதை எல்லாம் காட்டோர வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். கோழியை எங்கள் சந்தையில்தான் வாங்குகிறார்கள், அறுப்பவரை எங்களுக்கே தெரியும். நோனா என்னைப் பார்த்து, சாப்பாடு வீணானதற்காக நான் வருந்தவில்லை, உன் வாப்பாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தோம், அதை நீங்கள் நம்பவில்லை, அதுதான் வருத்தம் என்று சொன்னார்.

நான் வீட்டுக்கு வந்து ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் உம்மாவிடம் சொன்னேன். உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பிழை எண்டதான் மகள்," என்றார். "நாளைக்கு அவவ இஞ்ச வந்து ஆக்கச் சொல்லு. எண்ட குசினி, எண்ட சட்டி. வாப்பாக்கிட்டச் சொல்லி ஒரு கோழி அறுத்து வைக்கிறன். அவ ஆக்கட்டும். நான் பக்கத்துல இரிந்து முதல்ல தின்னுறன்."

நோனா வருவாரா என்று எனக்குச் சந்தேகம்தான். வந்தார். ஒரு கையில் கறுப்புச் சோஸ் போத்தல், மறு கையில் பூண்டுப் பிடி. உம்மா போத்தலை வாங்கி முகர்ந்து பார்த்தார். நான் ஒட்டியிருந்த தாளை வாசித்துச் சொன்னேன், சோயா அவரையும் உப்பும்தான். வினாகிரி எங்களிடமே இருந்தது, உம்மா அச்சாற்றுக்கு வைத்திருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நோனா திரும்பிப் பார்த்தார். அவர்கள் ஊரிலும் அதற்கு அச்சாறா என்றுதான் பெயர். இருவரும் முதல் தடவையாகச் சிரித்தார்கள். பிறகு என் உதவி தேவைப்படவில்லை. கோழி, வினாகிரி, பூண்டு, மிளகு, சோஸ். அவர் கேட்ட ஏதோ ஓர் இலை இல்லாததால் உம்மா கறுவா இலையைக் கொடுத்தார். மெல்லிய நெருப்பில் அரை மணித்தியாலம். உம்மா பாயில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார். இன்னொரு துண்டு எடுத்தார். "இதயா நான் பூனைக்குப் போட்டன்" என்றார். நான் அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. நோனா தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு கடப்பு மூடிக் கிடந்த நாள் இல்லை.

தொரைக்குத் தமிழ் மீன் சந்தையிலிருந்து தொடங்கியது. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார். கரைவலை இழுக்கிறவர்களோடு சேர்ந்து கயிறு பிடிப்பார். வலை கரைக்கு வந்ததும் ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் பெயர் கேட்பார். கீரி, பாரை, சூரை, விளை, கணவாய் எல்லாம் ஒரு மாதத்தில் பாடமாகிவிட்டன. நன்றி, போய்வருகிறேன் போன்ற சொற்கள் வருவதற்கு ஒரு வருடமாயிற்று. யாரைக் கண்டாலும் அவருடைய முகமன் ஒன்றுதான், இண்டைக்கி என்ன மீன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்த மௌலவியிடமும் அதையே கேட்டார். மௌலவி நிதானமாக, வீட்டில் கணவாய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் அவர்கள் முந்திய நாள் சோற்றைப் பூண்டு போட்டு வதக்கி, பொரித்த கருவாட்டோடு சாப்பிடுவார்கள். அந்த மணம் வேலியைத் தாண்டி வந்தால் என் கணவர் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். சில நாளில் எழுந்து போய்விடுவார். தொரைக்கோ எங்கள் வீட்டு இடியப்பமும் சொதியும் என்றால் உயிர். ஆக, இரண்டு ஆண்களும் காலையில் வேலிக் கடப்பில் எதிரெதிராகக் கடந்து போவது வழக்கமாயிற்று. எருமைத் தயிரை முதன்முதல் இனிப்புப் பாணியோடு சாப்பிட்ட அன்று தொரை தயிர் முட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வளவுக்குள் நடந்தபடியே முடித்தார். அந்த வருடம் நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் அவர்கள் குசினி யன்னலை மூடியே வைத்திருந்தார்கள், மணம் எங்களுக்கு வரக்கூடாது என்று. நோன்பு திறக்கிற நேரம் தொரை கோப்பையோடு கடப்படியில் நிற்பார். கஞ்சி வாங்கத்தான்.

நோனாவுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு ஏக்கம் இருந்தது. வெளியே காட்டமாட்டார். ஒரு தடவை காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துவிட்டார். பாண், பிஸ்கட், சோறு எதுவும் இறங்கவில்லை. தொரை வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்தார். தனக்குத் தெரிந்த ஒரே சமையலான முட்டைப் பொரியலைத் திரும்பத் திரும்பச் செய்து கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருந்தார்.

உம்மா பார்த்துவிட்டு வந்து புளியாணம் வைத்தார். எங்கள் பக்கத்தில் வாய் கசந்தவர்களுக்கு அதுதான். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் மஞ்சளும் போட்டு, கொதித்து வரும்போது சின்ன மீனை இடுவது. நோனாவுக்கென்று ஒரே ஒரு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டார். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன். நோனா சாய்ந்தபடி ஒரு மிடறு குடித்தார். உடனே எழுந்து உட்கார்ந்தார். கோப்பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. நான் உறைப்போ என்று பயந்தேன்.

"சினிகாங்," என்றார் கணவரைப் பார்த்து. அந்த ஒரு சொல்தான்.

தொரை குனிந்து அவர் கையிலிருந்த கோப்பையிலேயே ஒரு வாய் குடித்தார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மழை நாளில் அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வைப்பது அது. புளி, மீன், வெங்காயம், எல்லாம் அதேதான், கறிவேப்பிலையும் மஞ்சளும் மட்டும் கிடையாது. இத்தனை மாதம் அருகிலேயே இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று தொரை என்னைக் குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்டார். நோயாளிக்கு வைக்கிறதை விருந்தாளிக்கு யார் கொடுப்பார்கள் என்றார் உம்மா. அன்று சட்டியில் மீதியிருந்ததைத் தொரைதான் குடித்து முடித்தார். அதன் பிறகு எங்கள் அடுப்பில் புளியாணம் கொதித்தால் வேலிக்கு அப்பாலும் ஒரு சட்டி போகும், யாருக்கும் நோய் இல்லாவிட்டாலும்.

அந்த வருடம் கார்த்திகையில் புயல் வந்தது. எழுபத்தெட்டுப் புயல் என்றால் எங்கள் கரையில் இன்றைக்கும் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அதற்கு முன்பு காற்று தெரியும், வெள்ளம் தெரியும், புயல் தெரியாது. அன்று மத்தியானமே தொரை அம்பாறையிலிருந்து திரும்பி வந்துவிட்டார். வானத்தின் நிறத்தையும் கடலின் இரைச்சலையும் பார்த்துவிட்டு நேராக வாப்பாவிடம் வந்தார். இது சாதாரணக் காற்று இல்லை, உங்கள் கூரை நிற்காது, எல்லாரும் எங்கள் பக்கம் வந்துவிடுங்கள் என்றார். வாப்பா புது வீட்டுக் குசினிக்கு மட்டும் கொங்கிறீட் தட்டுப் போட்டிருந்தார், பின்னாளில் மேலே ஓர் அறை கட்டலாம் என்ற எண்ணத்தில். தொரை அதைக் கவனித்து வைத்திருந்திருக்கிறார்.

நோனா பதறவே இல்லை. அவர்கள் நாட்டில் இது வருடத்துக்குப் பல தடவை வருகிற காரியம். பெரிய பானையில் சோறு வைத்தார். வீட்டிலிருந்த கருவாடு முழுவதையும் பொரித்தார். முட்டைகளை அவித்தார். குடம், வாளி, சட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பச் சொன்னார். தங்கச்சியும் நானும் ஓடி ஓடிச் செய்தோம். பின்னேரம் காற்று எழும்பியபோது நாங்கள் ஏழு பேரும் அந்தக் குசினிக்குள் இருந்தோம். பக்கத்து வீட்டார் ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். கதவுக்கு முட்டுக் கொடுத்த மேசையில் தொரை முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். ஓடு பறக்கிற சத்தம், மரம் விழுகிற சத்தம். உம்மா ஓதிக்கொண்டே இருந்தார். நடுவில் நோனா எல்லார் கையிலும் ஒரு பிடி சோறும் கருவாடும் வைத்தார். அழுதுகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், பிறகு தூங்கினார்கள். பசியோடு புயலைப் பார்க்கக்கூடாது என்பது அவருடைய கணக்கு.

விடிந்தபோது எங்கள் பழைய வீட்டுக்குக் கூரை இல்லை. தெரு தெரியவில்லை, தென்னைகள்தான் தெரிந்தன. எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து விழுந்து கிடந்தன. எங்கள் வளவில் மட்டும் பதினொரு மரம். அவற்றில் பாதிக்கு மேல் வாப்பா கலியாணம் முடித்து வந்த புதிதில் நட்டவை. அவர் ஒவ்வொரு மரமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார். தெருவில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அதற்கு அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டோம். ஆனால் தோணிகள் உடைந்துவிட்டன, சந்தை இல்லை, அம்பாறை வீதி அடைபட்டிருந்தது. இரண்டாம் நாள் மரக்கறி என்று சொல்ல ஊரில் ஒரு இலை இல்லை.

அன்று நோனா கத்தியோடு வாப்பாவிடம் வந்தார். விழுந்த மரத்தின் தலையை வெட்டலாமா என்று கேட்கச் சொன்னார். எதற்கு என்று வாப்பா கேட்டார். சாப்பிட என்றேன். வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

தொரையும் என் கணவரும் மட்டைகளைத் தறித்து, ஓலைச் சுற்றுகளை ஒவ்வொன்றாக உரித்தார்கள். நடுவில் குழந்தையின் தொடை பருமனில், பால் வெள்ளையாகக் குருத்து வெளிவந்தது. ஒரு துண்டு உடைத்து எனக்குத் தந்தார் நோனா. கடித்தால் நொறுங்கியது, இனிப்பாக இருந்தது. தென்னங்குருத்தைப் பச்சையாகக் கடித்தது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் மரம் சாகாமல் அது கிடைக்காது என்பதால் அதைக் கறியாக்கலாம் என்று யாரும் நினைத்ததில்லை. நோனா அதை மெல்லிய நூலாக அரிந்து, வெங்காயமும் கருவாட்டுத் தூளும் போட்டு வதக்கினார். உம்மா சங்கக் கடையில் நிவாரணமாகக் கொடுத்த மாவைத் தண்ணீராகக் கரைத்து, தாள் மாதிரி ரொட்டி சுட்டார். அதில் வைத்துச் சுருட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் தேங்காய்ப் பாலில் குருத்துப் பாலாணம். தேங்காய்க்குப் பஞ்சமே இல்லை, காலில் இடறிற்று. அடுத்த நாள் தெருப் பெண்கள் கத்தியோடு வந்துவிட்டார்கள். நோனா வளவு வளவாகப் போய் எந்த இடத்தில் வெட்டுவது, எது கசக்கும், எது இனிக்கும் என்று காட்டினார். புளித்துப்போகிறவரை ஒரு வாரம் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் குருத்துதான்.

வாப்பா முதல் இரண்டு நாளும் வெறும் சோற்றைச் சம்பலோடு சாப்பிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள் நோனா ஒரு கோப்பையில் பாலாணத்தை ஊற்றி, அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். வாப்பா கோப்பையைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு சாப்பிட்டார். "அந்தக் கிணத்தடி மரம்தானே இது," என்றார் என்னிடம். "நல்ல மரம்." கோப்பையைக் கழுவித் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

எங்கள் வீட்டுக்குக் கூரை போட்டு முடிக்க மூன்று மாதமாயிற்று. அதுவரை எல்லாரும் ஒரே குசினியில்தான் சமைத்தோம். அதற்குள் நோனாவின் நாக்கு எங்கள் உறைப்புக்குப் பழகிவிட்டது, உம்மா சட்டியில் பூண்டைக் கூட்டத் தொடங்கியிருந்தார். அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் தங்கச்சிக்கு நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளை அமைந்தார். நிவாரண வேலைக்காக எங்கள் ஊருக்கு வந்துபோன எழுதுவினைஞர். பெண் பார்க்க வந்தபோது, சாய்ந்து நின்ற ஒரு மரத்தை வெட்டிக் குருத்து ரொட்டி கொடுத்தோம், வேறு ஒன்றும் இருக்கவில்லை. அவர் நாலு சாப்பிட்டார்.

வீட்டைக் காலி செய்யச் சொல்ல வாப்பாவுக்கு வாய் வரவில்லை. நாள் குறித்த பிறகும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். தொரையே ஒரு நாள் வந்து, பாண்டிருப்பில் கடலோரமாக ஒரு வீடு பார்த்துவிட்டோம், ஆனால் கலியாணச் சாப்பாடு முடியாமல் போகமாட்டோம் என்றார்.

கலியாணத்துக்கு உம்மா நூறு முட்டையில் வட்டிலப்பம் வைத்தார். நோனா தன் பங்குக்கு ஒன்று செய்தார். முட்டையும் டின்பாலும் சீனியும் அடித்து, சீனியைக் கருக்கி அடியில் ஊற்றி, எங்கள் வட்டிலப்பம் போலவே ஆவியில் வேகவைத்தது. அவர் ஊர்க் கலியாணங்களில் அது இல்லாமல் முடியாதாம். இரண்டும் சஹனில் பக்கத்தில் பக்கத்தில் போயின. ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். நோனா மாப்பிள்ளையின் உம்மாவோடு ஒரே சஹனில் உட்கார்ந்தார். தொரை ஆண்கள் பக்கம் மூன்று சஹனில் இடம் மாறி உட்கார்ந்ததாக என் கணவர் பிறகு சொன்னார்.

மாப்பிள்ளையின் உம்மா அந்த மஞ்சள் நிறமாக இருந்ததை இரண்டாம் தரம் எடுத்துவிட்டு, என் உம்மாவின் கையைப் பிடித்து, இவ்வளவு மிருதுவாக வட்டிலப்பம் தான் சாப்பிட்டதே இல்லை என்றார். உம்மா ஒரு நொடி யோசித்ததை நான் பார்த்தேன். அந்தப் புகழை வைத்துக்கொள்ள அவருக்கு ஆசைதான். பிறகு நோனாவைக் காட்டினார்.

"அது இவட கைப்பக்குவம் மச்சி," என்றார். "பக்கத்துல இரிக்கிற மத்ததுதான் எண்ட."

பாண்டிருப்பில் அவர்கள் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார்கள். அங்கே பக்கத்து வீட்டு அம்மா அவர்களுக்குப் பொங்கலும் மோதகமும் பழக்கிவிட்டார். தொரை அதையும் எங்களிடம் வந்து பெருமையாகச் சொல்வார். எண்பதாம் ஆண்டு அவருடைய வேலை முடிந்தது. புறப்பட்ட அன்று கல்முனை பஸ் நிலையத்தில் நாங்களும் அந்தப் பாண்டிருப்பு அம்மாவும் நின்றோம். ஆளுக்கொரு பொதி கொடுத்தோம். மாசித் தூள், கருவாடு, கறித்தூள், முறுக்கு. நோனா உம்மாவைக் கட்டிப்பிடித்தார். இருவருக்கும் பொதுவாக இருந்த ஐம்பது அறுபது சொற்களில் எதையும் அவர்கள் அப்போது பயன்படுத்தவில்லை.

பிறகு கடிதங்கள் வந்தன. நோனா எனக்கு எழுதுவார், நான் உம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். எண்பத்தைந்தளவில், எங்கள் பக்கம் தபால் வருவதே சந்தேகமாயிருந்த காலத்தில், ஒரு தடித்த உறை வந்தது. தொரை முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டார். ஊர்க் கடற்கரையில் நோனா சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார். நாலு மேசைதான். புகைப்படமும் இருந்தது. கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டு எழுதச் சொன்னார் உம்மா. பதில் வர ஐந்து மாதமாயிற்று. நன்றாக ஓடுகிறது, ஆட்கள் தேடி வருகிறார்கள், ஆனால் ஒரு மேசை எப்போதும் நிறைந்தே இருக்கிறது, அதில் என் கணவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நோனா எழுதியிருந்தார்.